மூணே பொருளில் மார்கரிட்டா: வீட்டிலேயே ஃப்ரெஷ்ஷா செய்வது எப்படி? ஒரு கிளாஸில் எத்தனை பெக் இருக்கு தெரியுமா?

டெக்கிலா, ஆரஞ்சு லிக்கர், எலுமிச்சைச் சாறு. உலகம் முழுக்க பிரபலமான மார்கரிட்டா காக்டெய்லுக்குத் தேவையானது இந்த மூணும், கொஞ்சம் ஐஸும், கொஞ்சம் உப்பும் மட்டும்தான். ஆனாலும் பல பார்களில் மார்கரிட்டா என்று கேட்டால் வருவது, பளீர் பச்சைக் கலரில் சர்க்கரைப் பாகு போல தித்திக்கும் ஒரு பானம். காரணம், பாட்டிலில் அடைத்து வரும் ரெடிமேட் மிக்ஸ். அதில் சர்க்கரை, சிட்ரிக் அமிலம், கலர், கெடாமல் இருக்க ரசாயனம் எல்லாம் இருக்கும். எலுமிச்சையின் வாசனை மட்டும் இருக்காது.

அப்போ வீட்டிலேயே ஃப்ரெஷ்ஷாக எப்படிச் செய்வது? எந்த டெக்கிலா வாங்கணும்? நம்ம ஊர் எலுமிச்சை சரிவருமா? இதோடு சேர்த்து, செய்முறை சொல்லும் வீடியோக்களில் பெரும்பாலும் வராத ரெண்டு விஷயங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அந்தச் சின்ன கிளாஸுக்குள் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்பது. இன்னொன்று, எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நின்றால் தோலுக்கு என்ன ஆகும் என்பது. விரிவாகப் பார்க்கலாம்.

மார்கரிட்டாவைக் கண்டுபிடித்தது யார்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. நாங்கதான் முதலில் செய்தோம் என்று உரிமை கொண்டாடியவர்கள் பலர். மெக்சிகோவின் டிஹுவானா நகருக்கு அருகில் உணவகம் நடத்திய கார்லோஸ் டேனி ஹெரேரா, 1938 வாக்கில் மார்ஜரி கிங் என்ற நடிகைக்காக இதைச் செய்ததாக ஒரு கதை உண்டு. சியுதாத் ஹுவாரஸ் நகரில் 1942இல் பாஞ்சோ மொராலஸ் என்ற பார்டெண்டர் செய்தார் என்பது இன்னொரு கதை. 1948இல் அகபுல்கோவில் நடந்த ஒரு விருந்தில் மார்கரிட்டா சேம்ஸ் என்ற பெண் உருவாக்கினார் என்பது மூணாவது கதை.

இதில் சுவாரசியம் என்னவென்றால், 1937இல் லண்டனில் வெளியான கஃபே ராயல் காக்டெய்ல் புத்தகத்தில் 'பிக்கடோர்' என்ற பெயரில் ஒரு பானம் இருக்கிறது. டெக்கிலா, குவாந்த்ரோ, எலுமிச்சைச் சாறு என அதே மூணு பொருள். ஆக, மேலே சொன்ன எல்லாக் கதைகளுக்கும் முன்பே செய்முறை அச்சில் வந்துவிட்டது.

பெயருக்கும் ஒரு பின்னணி உண்டு. ஸ்பானிஷ் மொழியில் மார்கரிட்டா என்றால் டெய்சி பூ. ஸ்பிரிட், சிட்ரஸ் சாறு, இனிப்பு லிக்கர் மூணும் சேர்ந்த காக்டெய்ல்களை அமெரிக்காவில் ஏற்கெனவே 'டெய்சி' என்றுதான் அழைத்து வந்தார்கள். பிராந்திக்குப் பதிலாக டெக்கிலா ஊற்றிய டெய்சி, மெக்சிகோ எல்லையில் மார்கரிட்டா ஆகியிருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

டெக்கிலா கள்ளியா, கற்றாழையா?

ரெண்டும் இல்லை. டெக்கிலா தயாராவது நீல அகாவே என்ற செடியில் இருந்து. பார்க்க கற்றாழை மாதிரி இருந்தாலும், நாம் முகத்தில் தடவும் சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கள்ளி இனமும் இல்லை. நம்ம ஊரில் ரயில் பாதை ஓரங்களில் பெரிய பெரிய மடல்களோடு முள் நீட்டிக்கொண்டு நிற்குமே ஆனைக்கற்றாழை, அது அகாவேதான். டெக்கிலா செடிக்கு அது சொந்தக்காரச் செடி.

நீல அகாவே முற்றுவதற்கு பொதுவாக 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருந்து, ஹிமடோர் எனப்படும் தொழிலாளர்கள் நீளமான கைப்பிடி கொண்ட கோவா என்ற கருவியால் மடல்களைச் சீவித் தள்ளுவார்கள். நடுவில் கிடைக்கும் குண்டான பாகம் அன்னாசிப் பழம் போல இருப்பதால் அதற்கு 'பிஞா' என்று பெயர். அதை வேக வைத்து, நசுக்கி, சாறு எடுத்து, புளிக்க வைத்து, குறைந்தது இருமுறை காய்ச்சி வடித்தால் டெக்கிலா.

மெக்சிகோ அரசு 1974இல் டெக்கிலா என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஹலிஸ்கோ மாநிலம் முழுவதும், குவானஹுவாட்டோ, மிச்சோவகான், நயாரிட், தமௌலிபாஸ் ஆகிய மாநிலங்களின் சில பகுதிகளும்தான் டெக்கிலாவின் எல்லை. வெளியே யார் செய்தாலும் அந்தப் பெயரைப் போட முடியாது. தக்காணத்தில் வளரும் அகாவேயில் இருந்து இந்தியாவிலும் மது தயாரிக்கிறார்கள். ஆனா அது 'அகாவே ஸ்பிரிட்'தான், டெக்கிலா இல்லை.

லேபிளில் என்ன பார்க்கணும்?

முதலில் தேட வேண்டியது '100 சதவீதம் அகாவே' என்ற வாசகம். அது இல்லை என்றால் பாட்டிலில் இருப்பது 'மிக்ஸ்டோ'. அதாவது, புளிக்க வைக்கும்போது குறைந்தது 51 சதவீதம்தான் அகாவே சர்க்கரை. மீதி கரும்பு அல்லது சோளச் சர்க்கரையாக இருக்கலாம். பொன்னிறமாக இருக்கிறதே, பழசா இருக்கும் என்று நினைத்து வாங்கும் சில 'கோல்டு' பாட்டில்கள், கேரமல் கலர் சேர்த்த மிக்ஸ்டோவாக இருப்பதும் உண்டு.

அடுத்து வகை. பிளாங்கோ என்றால் பெரும்பாலும் பீப்பாயில் வைக்காத தெளிவான டெக்கிலா. ரெப்போசாடோ என்றால் குறைந்தது 2 மாதம் மரப் பீப்பாயில் இருந்தது. அஞேஹோ என்றால் குறைந்தது ஓர் ஆண்டு. மார்கரிட்டாவுக்கு பிளாங்கோ போதும். அகாவேயின் பச்சை வாசனையும் மிளகு போன்ற காரமும் எலுமிச்சையோடு நன்றாகச் சேரும். விலை அதிகமான அஞேஹோவை எலுமிச்சையில் கலப்பது, நல்ல ஃபில்டர் காபியில் கோலா ஊற்றுகிற மாதிரி.

லேபிளில் 'நோம்' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்றும் இருக்கும். எந்த ஆலையில் தயாரானது என்பதைச் சொல்லும் எண் அது. பாட்டிலுக்குள் புழு இருந்தால்தான் அசல் டெக்கிலா என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. புழு போடுவது சில மெஸ்கால் பிராண்டுகளின் வழக்கம், டெக்கிலாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதைவிட முக்கியமானது, எங்கே வாங்குகிறீர்கள் என்பது. 'டியூட்டி ஃப்ரீ சரக்கு, பாதி விலை' என்று கை மாறி வரும் பாட்டிலைத் தொடவே வேண்டாம். போலி மதுவில் மெத்தனால் கலந்திருந்தால் அதை வாசனையாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. மெத்தனால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது அதுதான். சீல் உடையாத பாட்டில், உரிமம் பெற்ற கடை. இதில் சமரசமே கூடாது.

நம்ம ஊர் எலுமிச்சை போதுமா?

தாராளமா போதும். சொல்லப்போனால் நமக்குத்தான் அதிர்ஷ்டம். அமெரிக்க பார்களில் பெரும்பாலும் பயன்படுத்துவது பெரிய, விதையில்லாத பச்சை நிற பெர்ஷியன் லைம். ஆனால் மெக்சிகோவில் 'லிமோன்' என்று சொல்லும் சின்னப் பழமும், நம்ம மார்க்கெட்டில் கிடைக்கும் எலுமிச்சையும் ஒரே இனம். தாவரவியல் பெயரும் ஒன்றுதான். ஆசியாவில் பிறந்து, ஸ்பானியர்கள் மூலம் மெக்சிகோவுக்குப் போன பழம் அது. தென்காசி மாவட்டம் புளியங்குடி சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்குவதும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 ரகமும் இதே இனம்தான்.

தோல் மெல்லியதாக, வழவழப்பாக, கையில் எடுத்தால் கனமாக இருக்கும் பழமாகப் பாருங்கள். நறுக்கும் முன் தரையில் வைத்து உள்ளங்கையால் நாலு உருட்டு உருட்டினால் சாறு நன்றாக வரும். கடைசிச் சொட்டு வரை தோலை நசுக்கிப் பிழிய வேண்டாம், கசப்பு இறங்கிவிடும். காலையில் பிழிந்து வைத்து ராத்திரி பயன்படுத்துவதும் வேண்டாம். நேரம் ஆக ஆக வாசனை மங்கி, ருசி மந்தமாகிவிடும்.

ஆரஞ்சு லிக்கர் எதற்கு?

ஆரஞ்சுத் தோலின் வாசனையை ஏற்றி, சர்க்கரை சேர்த்த மது இது. பொதுப் பெயர் டிரிபிள் செக். குவாந்த்ரோவும் அந்த வகைதான். பிரான்சின் ஆன்ஷே பகுதியில் தயாராகும் குவாந்த்ரோவில் ஆல்கஹால் 40 சதவீதம், அதாவது டெக்கிலாவுக்குச் சமம். விலை குறைந்த டிரிபிள் செக்குகளில் இது 15 முதல் 30 சதவீதம் வரை இருக்கலாம், தித்திப்பும் தூக்கலாக இருக்கும்.

லிக்கர் கிடைக்கவில்லையா? சான் பிரான்சிஸ்கோவில் ஹூலியோ பெர்மேஹோ பிரபலப்படுத்திய 'டாமிஸ் மார்கரிட்டா'வில் ஆரஞ்சு லிக்கரே கிடையாது. அதற்குப் பதில் அகாவே சிரப். அதுவும் இல்லை என்றால், சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கரைத்த பாகு ரெண்டு டீஸ்பூன் சேர்த்து, ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலை நசுக்கிப் போட்டுக் குலுக்கலாம். வேலை நடக்கும்.

தேவையான பொருட்கள் (ஒரு கிளாஸுக்கு)

• பிளாங்கோ டெக்கிலா: 50 மி.லி.
• ஆரஞ்சு லிக்கர்: 20 மி.லி.
• அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு: 15 மி.லி.
• கல் உப்பு: ஒரு டீஸ்பூன்
• ஐஸ் கட்டிகள்: 10 வரை
• அலங்கரிக்க ஒரு எலுமிச்சைத் துண்டு

இது சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் அளவு. அளக்கும் கப் இல்லை என்று கண்ணளவில் ஊற்றாதீங்க. ஒரு டீஸ்பூன் 5 மி.லி., ஒரு டேபிள்ஸ்பூன் 15 மி.லி. இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியைக் கழுவி வைத்திருந்தால் அதுவே போதும்.

செய்முறை

1. கிளாஸை 10 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள்.

2. கல் உப்பை லேசாக இடித்து ஒரு தட்டில் பரப்புங்கள். பொடி உப்பு வேண்டாம், ஒரேயடியாகக் கரித்துவிடும்.

3. கிளாஸ் விளிம்பின் வெளிப்பக்கத்தில், பாதி வட்டத்துக்கு மட்டும் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, உப்பில் ஒற்றி எடுங்கள். உள்பக்கம் ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள். பாதி விளிம்பு என்றால் உப்போடு ஒரு மடக்கு, உப்பில்லாமல் ஒரு மடக்கு என்று விருப்பப்படி குடிக்கலாம்.

4. ஷேக்கரில் டெக்கிலா, லிக்கர், எலுமிச்சைச் சாறு ஊற்றி, முக்கால் பாகம் ஐஸ் போடுங்கள். ஷேக்கர் இல்லையா? மூடி இறுக்கமாக இருக்கும் ஜாம் பாட்டில் போதும்.

5. 12 முதல் 15 நொடி வேகமாகக் குலுக்குங்கள். பாட்டிலின் வெளிப்புறம் பனி பூத்து, கை சில்லென்று ஆகணும். அதுதான் அடையாளம்.

6. டீ வடிகட்டி வைத்து கிளாஸில் வடியுங்கள். ஐஸோடு வேண்டும் என்றால் புது ஐஸ் போட்டு அதன் மேல் வடியுங்கள். அவ்ளோதான்.

ஏன் குலுக்கணும்? ஏன் உப்பு?

சாறு சேரும் காக்டெய்லைக் கரண்டியால் கலக்கினால் போதாது. குலுக்கும்போது மூணு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. பானம் சட்டென்று குளிர்கிறது, காற்றுக் குமிழ்கள் ஏறி மென்மையாகிறது, ஐஸ் கொஞ்சம் உருகி தண்ணீர் சேர்கிறது. அந்தத் தண்ணீரும் செய்முறையின் ஒரு பாகம்தான். அது இல்லாவிட்டால் தொண்டை எரியும். அதே சமயம், சின்னச் சின்ன ஐஸ் தூளைப் போட்டால் அளவுக்கு மீறி உருகி சப்பென்று ஆகிவிடும். பெரிய, கெட்டியான கட்டிகளே நல்லது.

உப்பு வெறும் அலங்காரம் இல்லை. அது கசப்பை அமுக்கி மற்ற சுவைகளை மேலே கொண்டு வருகிறது. 1997இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு இதைத்தான் சொன்னது. கொய்யாக்காய், மாங்காய்க்கு நாம் உப்பு தொட்டுக்கொள்வதும் இதே கணக்குதான்.

ருசி சரியில்லை என்றால்?

புளிப்பு தூக்கலாக இருந்தால் அரை டீஸ்பூன் சர்க்கரைப் பாகு சேருங்கள். தித்திப்பு அதிகம் என்றால் 5 மி.லி. எலுமிச்சைச் சாறு. காரமாக எரிகிறது என்றால் இன்னும் 5 நொடி குலுக்குங்கள்.

மிக்ஸியில் ஐஸோடு அரைத்து 'ஃப்ரோசன்' ஆகவும் செய்யலாம். டல்லாஸ் நகரில் உணவகம் நடத்திய மரியானோ மார்டினெஸ் 1971இல் சாஃப்டி ஐஸ்கிரீம் மெஷினை மாற்றியமைத்து இதற்காகவே ஒரு இயந்திரம் செய்தார். அது இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃப்ரோசனில் ஒரு சிக்கல். ரொம்பக் குளிர்ந்தால் நாக்குக்குத் தித்திப்பு குறைவாகத் தெரியும். அதனால் சர்க்கரையை அள்ளிப் போடத் தோன்றும். கவனம்.

மது வேண்டாம் என்பவர்களுக்கு

30 மி.லி. எலுமிச்சைச் சாறு, 45 மி.லி. ஃப்ரெஷ் ஆரஞ்சுச் சாறு, 20 மி.லி. சர்க்கரைப் பாகு, ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல், ஒரு சிட்டிகை உப்பு. ஐஸோடு குலுக்கி, உப்பு விளிம்பு வைத்த கிளாஸில் வடித்து, மேலே 60 மி.லி. சோடா. பார்ட்டியில் வண்டி ஓட்டப் போகிறவருக்கு இதே கிளாஸில் கொடுத்தால், நீ ஏன் குடிக்கல என்று யாரும் நச்சரிக்க மாட்டார்கள்.

ஒரு கிளாஸில் எத்தனை பெக்?

இனி முக்கியமான கணக்கு. 50 மி.லி. டெக்கிலாவில் 40 சதவீதம் என்றால் 20 மி.லி. சுத்த ஆல்கஹால். 20 மி.லி. குவாந்த்ரோவில் இன்னும் 8 மி.லி. மொத்தம் 28 மி.லி. எடையில் சுமார் 22 கிராம்.

இந்தியாவில் விற்கும் 42.8 சதவீத விஸ்கியோ பிராந்தியோ ஒரு ஸ்மால், அதாவது 30 மி.லி. எடுத்தால் அதில் இருப்பது சுமார் 10 கிராம். ஆக, ஒரு மார்கரிட்டா என்பது ரெண்டு ஸ்மால் பெக்குக்கும் கொஞ்சம் மேலே. 'ஜூஸ் மாதிரிதான் இருக்கு' என்று மூணு கிளாஸ் குடித்தவர், கணக்குப்படி ஆறு பெக்குக்கு மேல் போயிருப்பார். புளிப்பும் இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து ஆல்கஹாலின் எரிச்சலை மறைத்துவிடுவதால் நாக்கு எச்சரிக்காது. காக்டெய்லில் இருக்கும் ஆபத்தே இதுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185வது பிரிவுப்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல்முறை சிக்கினாலே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். சுமார் 60 கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் ஒரே ஒரு மார்கரிட்டா குடித்தாலும் இந்த அளவை எளிதில் தாண்டிவிடலாம். உடல் மணிக்குச் சராசரியாக 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் வெளியேற்றும். பிளாக் காபியோ, தலைக்குக் குளிப்பதோ, மோரோ இந்த வேகத்தைக் கூட்டாது. 'ஒண்ணுதானே குடிச்சேன்' என்று சாவியை எடுக்காதீங்க.

கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், தூக்க மாத்திரையோ மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளோ எடுப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்தும் உண்டு.

'மார்கரிட்டா பர்ன்' என்றால் என்ன?

இது குடிப்பவருக்கு மட்டுமல்ல, எலுமிச்சை பிழிந்து கொடுப்பவருக்கும் வரலாம். எலுமிச்சைத் தோலிலும் சாறிலும் ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது கையில் பட்டிருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், அந்த இடம் தீக்காயம் பட்ட மாதிரி ஆகிவிடும். உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துச் சிவந்து, ரெண்டு மூணு நாளில் கொப்புளம் போடும். பிறகு கறுத்துப்போன தழும்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். மொட்டை மாடியிலோ கடற்கரையிலோ பகலில் எலுமிச்சை பிழியும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. அதனால்தான் இந்தப் பெயர்.

தடுப்பது சுலபம். வீட்டுக்குள்ளேயே பிழியுங்கள். வெயிலில் இறங்கும் முன் கையை சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். தண்ணீரில் அலசினால் மட்டும் போதாது, தோலில் இருக்கும் எண்ணெய் போகாது. குழந்தைகளின் கை, முகத்தில் சாறு தெறித்திருந்தால் உடனே கழுவிவிடுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மது இல்லாத அந்த எலுமிச்சை சோடாவைச் செய்தாலும் சரி, கோடையில் வீட்டு வாசலில் சர்பத் போட்டாலும் சரி, இந்த சோப்பு விஷயம் எல்லோருக்கும் பொருந்தும்.

கடைசியாக ஒன்று. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் மது இருக்கிறது. இதுவரை குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. குடிப்பவர்கள், சட்டம் அனுமதிக்கும் வயது, சாப்பிட்ட வயிறு, அளந்து ஊற்றிய ஒரு கிளாஸ், பக்கத்தில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், வண்டிச் சாவி வேறொருவர் கையில் என்ற கணக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.